பிலோமினா டீச்சர் எழுதாத பட்டியல்

பிலோமினா டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் அரையாண்டுத் தேர்வு அறையில் இருந்தேன். தேர்வு நேரத்தில் ஆசிரியர்கள் கைபேசியை அலுவலகத்தில் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பது நானே கொண்டுவந்த விதி. அதனால் பழைய மாணவி நஸ்ரீன் நான்கு முறை அழைத்ததும், பிறகு குரல்பதிவு அனுப்பியதும் எனக்குப் பகல் ஒரு மணிக்குத்தான் தெரிந்தது. "மிஸ், தையல் டீச்சர் காலையில போய்ட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினே குந்தினாங்களாம், அவ்ளோதான். ராயபுரம் வூட்லதான் வச்சிக்கீறாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறாங்க." அதைக் கேட்டுவிட்டு விடைத்தாள்களை எண்ணிக் கட்டி, உறையின் மேல் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன். வேலையை முடித்துவிட்டு உட்காருகிற இந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு முன்பெல்லாம் கொஞ்சம் பெருமை உண்டு.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நஸ்ரீன் மறுபடியும் அழைத்தாள். முப்பதாம் நாள் கூட்டத்துக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறு மலர் போடுகிறார்கள், நானும் எழுத வேண்டும் என்றாள். "நல்லதா நாலு விஷயம் எழுதிக் குடுங்க மிஸ். உங்களுக்குத்தான் அவங்கள ரொம்ப நாளா தெரியும்." பதினாறு ஆண்டுகள் ஒரே பள்ளியில் இருந்தோம். நல்ல விஷயங்கள் நாலுக்கு மேலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றோடு என்னைப் பற்றிய ஒரு விஷயத்தையும் எழுதப் போகிறேன். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு உரிமை இல்லை.

இதைப் படிப்பவர்களில் அவரை அறியாதவர்கள் குறைவு. உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் சொல்வதற்காக எழுதிவைக்கிறேன். பிலோமினா, திருவொற்றியூரில் உள்ள நம் பள்ளியின் பகுதிநேரத் தையல் ஆசிரியை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று அரைநாள் வருவார். ராயபுரத்தில் பிறந்து, அங்கேயே அக்கா குடும்பத்தோடு வாழ்ந்தவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பிலோமினா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். நான் நிரந்தரப் பணியில் இருந்த பொருளியல் ஆசிரியை, பிறகு உதவித் தலைமையாசிரியை. ஆண்டுதோறும் அவருடைய பணிநீட்டிப்புக் கடிதம் என் மேசை வழியாகத்தான் போகும். இந்த வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பள்ளியில் அவருடைய நாடகக் குழு எப்படி ஆரம்பித்தது என்று அவரைக் கேட்டால் குண்டூசியிலிருந்து ஆரம்பிப்பார். அந்தக் காலத்தில் ஆண்டுவிழா நாடகத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் நடிப்பார்கள். பெரும்பாலும் ராஜா கதை. உடை தைப்பது மட்டும் பிலோமினாவின் வேலை. ஒரு வருடம் விழா நாளன்று காலையில் ராஜா வரவில்லை. வீட்டோடு கும்மிடிப்பூண்டிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். ஒத்திகை முழுக்கக் குண்டூசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்ற ஒரு பெண், "டீச்சர், எனக்கு எல்லா டயலாக்கும் தெரியும்" என்றாள். ராஜாவின் அங்கி அவளுக்கு இரண்டு மடங்கு பெரிது. பிலோமினா அதைப் பதினான்கு ஊசி குத்திச் சுருக்கி அவளை மேடைக்கு அனுப்பினார். சிம்மாசனம் இருந்தும் ராஜா கடைசி வரை நின்றுகொண்டே ஆட்சி செய்தார். முன்வரிசையில் இருந்த விருந்தினர் அதைக் கம்பீரம் என்று பாராட்டினார். "கம்பீரம் இன்னா கம்பீரம், குந்தினா குத்தும்" என்றார் பிலோமினா.

அடுத்த வாரமே தலைமையாசிரியரிடம் போய் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை நாடகத்துக்குக் கேட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "தையல் ரூம்ல எட்டு மெஷின்ல அஞ்சு ஓடல. அதைப் பார்க்கிறதை விட்டுட்டு நாடகமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"மெஷினு ஓடாத ரூம்புலதான் மிஸ் எடம் நெறைய கீது" என்றார்.

தலைமையாசிரியர் சிரித்துவிட்டதால் அனுமதி கிடைத்தது. முதல் வெள்ளிக்கிழமை ஏழு பிள்ளைகள் வந்தார்கள்.

அவருடைய முறை வேறெங்கும் நான் பார்த்திராதது. எந்தப் பாத்திரமும் யாருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் குறைந்தது மூன்று பேர் முழுதாகக் கற்றிருக்க வேண்டும். நாடகத்தன்று காலையில் வந்திருப்பவர்களை வரிசையாக நிற்க வைத்துச் சீட்டுக் குலுக்குவார். யாருக்கு எது விழுகிறதோ அது. நம் பிள்ளைகளின் வீடுகளை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் புரியும். படகு கரைக்கு வந்தால் மீன் இறக்கப் போக வேண்டும். அம்மாவுக்கு ஷிப்ட் மாறினால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "வராத பிள்ளைய நெனச்சிக்கினு வந்த பிள்ளைய வுட்றக் கூடாது" என்பார். உடைகளையும் அப்படியே தைக்க வைத்தார். தையலுக்கு உள்ளே நிறையத் துணி விட்டு, இடுப்பில் நாடா கோத்து, யார் வேண்டுமானாலும் போடும்படி. "நறுக்குன்னு அளவெடுத்துத் தச்சா ஒருத்திக்குத்தான் ஆவும்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஒரு முறையாவது வந்து பாருங்கள் என்று அவர் விடாமல் கேட்டதால், மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை திருத்த வேண்டிய விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கிக்கொண்ட ஒரு கல்யாணப்பெண்ணின் கதை அது. எண்ணூர் சாலையில் காலையில் போய்வருகிற யாருக்கும் அந்த வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய சீட்டில் நஸ்ரீன் கல்யாணப்பெண். லாரி டிரைவர், முகத்துவாரக்குப்பத்திலிருந்து வரும் தனம். ஒன்பதாம் வகுப்பு, ஒல்லியான பெண், குரல் மட்டும் பெரியது.

"யோவ், லாரிய எடுய்யா. முகூர்த்தம் போவுது."

"எங்கிட்ட ஏம்மா கத்தற? முன்னாடி கீற லாரிக்காரன்கிட்ட சொல்லு."

"அவன் அவனுக்கு முன்னாடி கீறவனச் சொல்றான்."

"அப்ப ஹார்பர்ல கீற கப்பலாண்ட போய்ச் சொல்லு. நான் வண்டி எடுக்கசொல்ல எம் பொண்டாட்டி மாசமா இருந்தா. இப்ப புள்ளைக்குப் பேரே வச்சிட்டாங்களாம். நீ முகூர்த்தத்தப் பத்திப் பேசற."

நான் சிரித்துவிட்டேன். கையிலிருந்த சிவப்புப் பேனா யாருடைய விடைத்தாளிலோ குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டது. பிலோமினா திரும்பிப் பார்த்து, "எக்கனாமிக்ஸ் மிஸ் சிரிச்சிட்டாங்க. தேதிய எழுதி வைங்கடி" என்றார். எழுதியும் வைத்தார்கள். தையல் அறைக் கரும்பலகையின் மேல்மூலையில் அந்தத் தேதி வெகுநாள் அழிக்கப்படாமல் இருந்தது.

மூன்று ஆண்டுகளில் ஏழு பேர் முப்பத்தைந்து பேர் ஆனார்கள். பெற்றோர் கூட்டத்தில் போட்டார்கள், ராயபுரத்தில் கோயில் மைதானத்தில் போட்டார்கள், முகத்துவாரக்குப்பத்தில் வலை காயப்போடுகிற இடத்தில் போட்டார்கள். அங்கே தனத்துக்கு அன்று மீன்காரியின் சீட்டு விழுந்தது. அவள் தன் அம்மாவைப் போலவே பேசிக் காட்ட, அம்மாவே கூட்டத்திலிருந்து எழுந்து, "ஏய், நான் எப்ப எடையில ஏமாத்துனேன்?" என்று சண்டைக்கு வந்தார். அதற்கும் தனம் மேடையிலிருந்தே பதில் சொன்னாள். இதையெல்லாம் உங்களில் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். அடுத்ததைச் சொல்ல என்னால்தான் முடியும்.

அந்த மூன்றாம் ஆண்டிலேயே பள்ளிகளுக்கிடையே ஒரு நாடகப் போட்டி வந்தது. நாம் கலந்துகொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னதே நான்தான். அந்தளவுக்கு மனம் மாறியிருந்தேன். விண்ணப்பத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே ஒரு மாணவர் பெயர் எழுத வேண்டும். பத்துப் பேருக்கு மேல் கூடாது. அனுப்பிய பிறகு மாற்றக் கூடாது. கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பிலோமினா வருகிற நாள் இல்லை.

அவருடைய எண் என்னிடம் இருந்தது. கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்ததால்தான் கூப்பிடவில்லை. அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்கள் என்பார், நான் வாதாட வேண்டியிருக்கும். வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முப்பத்தைந்து பேருக்கும் மொத்த வருகையைக் கூட்டினேன். அதிக நாள் வந்திருந்த பத்துப் பேரை எழுதினேன். போட்டியன்று நிச்சயமாக வருவார்கள் என்று நம்பத்தக்கவர்கள். நஸ்ரீன் இருந்தாள். தனம் இல்லை, முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. ஒரு பாடவேளைக்குள் வேலையை முடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பிலோமினா வந்ததும் பட்டியலைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"எல்லாம் நல்ல பிள்ளைங்க மிஸ்."

"அட்டெண்டன்ஸ வச்சுத்தான் எடுத்தேன் டீச்சர். அன்னைக்கு யாராவது வரலைன்னா ஸ்கூலுக்குத்தான் கெட்ட பேரு."

"ஆமா மிஸ். நீங்க கரீட்டாத்தான் பாத்திருப்பீங்க."

தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நான் தையல் அறை வழியாகப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டீச்சர், எம் பேரு இல்ல" என்றாள் தனம்.

"இல்லம்மா."

"எனக்கு மட்டும் இல்ல, இருவத்தஞ்சு பேருக்கு இல்ல. யாரு டீச்சர் இத்த எழுதுனது?"

பிலோமினா நிமிர்ந்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தனத்தைப் பார்த்து, "நாந்தான் எழுதுனேன்" என்றார்.

"நீங்களா? வராத பிள்ளைய நெனச்சி வந்த பிள்ளைய வுடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க?"

"சொன்னேன். இந்த வாட்டி இப்டி எழுதிட்டேன்."

"அப்ப இத்தினி நாளா எங்களச் சும்மா டபாய்ச்சினு இருந்தீங்களா?"

நான் உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டே எட்டு. அலுவலகத்துக்கு ஏதோ அனுப்ப வேண்டியிருந்தது நினைவுக்கு வந்தது. அப்படியே வாசலைக் கடந்து போய்விட்டேன்.

திங்கட்கிழமை அவரைத் தனியாகப் பார்த்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு மெஷினில் சிக்கிய நூலை எடுத்துக்கொண்டிருந்தார். "நீங்க தெனமும் அதுங்கள வச்சி மேய்க்கணும் மிஸ். நான் வாரத்துல மூணு அரநாளு. எம்மேல கோவம் இருந்தா ஒண்ணியும் கெட்டுப் போவாது" என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டு வந்தேன்.

இதை அவருடைய பெருந்தன்மை என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். எனக்கு அது உறுதியாகத் தெரியாது. அந்த மாதம்தான் அவருடைய பணிநீட்டிப்புக் கடிதம் என் மேசையில் இருந்தது. அவருக்கும் அது தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு அன்பு காரணமா, மரியாதையா, பயமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பயம் என்ற பதில் வந்துவிடுமோ என்பது என் பயம்.

போட்டியில் நமக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பத்துப் பேரும் வந்தார்கள், ஒருவரும் வரியை மறக்கவில்லை. புகைப்படத்தில் நான் நடுவில் நிற்கிறேன். பிலோமினா ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு. அதற்குப் பிறகு சீட்டுக் குலுக்க முடியவில்லை. பரிசு வாங்கிய பிள்ளைகள் "இது என்னோட ரோல்" என்றார்கள். அவர்கள்மேல் தவறில்லை, அப்படி எழுதிக் கொடுத்தவள் நான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வருவதை நிறுத்தினார்கள். ஆண்டு முடிவில் தையல் அறையில் பத்துப் பேர்தான் இருந்தார்கள்.

மார்ச் மாதம் ஆண்டு வருகைக் கணக்குக்காக அதே பதிவேட்டை மறுபடி எடுத்தேன். தனத்தின் வரிசையில் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் எல்லாவற்றிலும் விடுப்பு இறைந்து கிடந்தது. நான் பட்டியல் எழுதிய வாரம் வரை வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை. விரலை வைத்து மேலும் கீழும் பார்த்தேன். நான் விட்டுவிட்ட மற்ற பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். வாரம் முழுக்க எங்கே போனாலும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். போட்டி நடந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். மொத்தத்தைக் கூட்டிய நான் எந்தக் கிழமை என்று பார்க்கவில்லை. பட்டியலை அனுப்பியதற்கு அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பிள்ளைகளின் வெள்ளிக்கிழமைகளும் காலியாக ஆரம்பித்திருந்தன. பதிவேட்டை மூடி பீரோவில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, பிலோமினாவிடமும்.

பத்தாம் வகுப்பு பாதியில் தனம் பள்ளியை விட்டு நின்றாள். என் பட்டியலால்தான் நின்றாள் என்று சொல்ல மாட்டேன். அவள் வீட்டில் அப்போது வேறு கஷ்டங்கள் இருந்தன. ஆனால் அவளைப் பள்ளியோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரே கயிற்றை அறுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பிலோமினா இரண்டு முறை முகத்துவாரக்குப்பத்துக்குப் போனார். தனம் வீட்டில் இல்லை என்று அம்மா சொன்னாராம். "உள்ள வளையல் சத்தம் கேட்டுச்சி மிஸ்" என்றார் என்னிடம்.

ஜூன் மாதம் அவர் மறுபடியும் ஆறாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தார். "பழைய பிள்ளைங்களுக்கு எம் பேச்சுல நம்பிக்க போயிட்ச்சி. அதுங்களக் கூப்புட்டுக்கினே இருந்தா அசிங்கம். புதுசாத்தான் கட்டணும்." கட்டினார். மறுபடி சீட்டு, மறுபடி ஒரு பாத்திரத்துக்கு மூன்று பேர். நாளடைவில் ஐம்பதைத் தாண்டியது. இந்த மலரில் எழுதும் இளையவர்களுக்குத் தெரிந்த நாடகக் குழு அதுதான். போட்டிச் சுற்றறிக்கைகள் ஆண்டுதோறும் வரும். நான் அவரிடம் காட்டாமலே கோப்பில் வைத்துவிடுவேன். அவரும் கேட்டதில்லை.

அடக்கத்தன்று ராயபுரத்தில் அவர் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், பெட்ரோல் பங்க் சீருடையில் ஒரு பெண் நின்றாள். தனம் என்று நஸ்ரீன் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"உள்ள வாடி" என்றாள் நஸ்ரீன்.

"வேணாம்டி. இங்கயே கீறேன்."

பிறகு என்னிடம் சொன்னாள்: "எம்பேர எழுதலன்னு எட்டு வருஷம் அவங்களாண்ட பேசல மிஸ். ரோட்ல பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவேன். போன மாசம்கூட ஆட்டோல போவசொல்ல பங்க்காண்ட என்னப் பாத்துக் கையாட்டினாங்க. பாக்காத மாரி நின்னுட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள், கூட்டம் நகர்ந்தது. மாலைகளை வாங்கி ஓரமாக வைக்கிற வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது.

நஸ்ரீன் கட்டுரை கேட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தனம் வேலை செய்யும் பங்க்குக்குப் போனேன். காற்றடிக்கும் இடத்தில் நின்று சொன்னேன். நினைத்ததைவிடக் குறைந்த வாக்கியங்களே தேவைப்பட்டன.

"நீங்களா" என்றாள். ஒரு ஸ்கூட்டர் வந்தது. போய், "ஜீரோ பாத்துக்கோ சார்" என்று சொல்லி பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"வெள்ளிக்கெழம நான் லீவே போட்டதில்லியே மிஸ்."

"தெரியும். அப்புறம்தான் பார்த்தேன்."

"எப்ப?"

"அந்த வருஷம் மார்ச்ல."

"அப்பவே தெரியுமா." கையைத் துணியில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். "அப்பவே சொல்லியிருந்தா நான் அவங்களாண்ட பேசியிருப்பேன்."

என்னை மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அதெல்லாம் வேணாம் மிஸ். புக்கு போடறாங்களாமே, அதுல எழுதுங்க. நான் ஒருத்தி மட்டும் இல்ல, இருவத்தஞ்சு பேரும் அவங்களத்தான் திட்டிக்கினு கீறோம். 'யாரோ ஒருத்தர்'னு எழுதி வைக்காதீங்க. நீங்கதான்னு எழுதுங்க."

எழுதுகிறேன். அந்தப் பத்துப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தவர் பிலோமினா டீச்சர் இல்லை. உதவித் தலைமையாசிரியை வசந்தகுமாரியாகிய நான். அவரைக் கேட்காமல், அவருடைய முறை என்னவென்று தெரிந்தே எழுதினேன். அவர் தன்மேல் போட்டுக்கொண்டபோது வாசலில் நின்று கேட்டேன், மறுக்கவில்லை. அவர் உங்களை ஏமாற்றவில்லை. உங்களிடம் சொன்னதை ஒருநாளும் மீறவில்லை.

அவர் வீட்டில், நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நஸ்ரீன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து பேர் எட்டு ஆண்டுகள் அவர்மேல் வைத்திருந்த கோபம்தான் அவரிடமிருந்து எனக்கு வரவேண்டியது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். இனி திருவொற்றியூரில் எங்கேயாவது என்னைப் பார்த்தால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். ஏன் என்று கேட்க மாட்டேன்.